வண்டி காலியாகப் போகக்கூடாது

என் பேத்தி சௌமியாவுக்கு என்ன வேலை என்று நாமக்கல்லில் யார் கேட்டாலும், "அவங்கப்பனாட்டம் லோடு புக்கிங்தான்" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் மகன் சந்திரசேகர் முட்டைக்கும் ஜவ்வரிசிக்கும் லாரி பிடித்துக் கொடுக்கிறான். அவள் பெங்களூரில் இருந்துகொண்டு, ஆளில்லாமல் தானே வேலை செய்யும் விண்கலங்களுக்கு வாடகை ராக்கெட் பிடித்துக் கொடுக்கிறாள். கலம் ஒருவருடையது, ராக்கெட் இன்னொருவருடையது. எந்த உயரத்துக்குப் போகவேண்டும், இடம் போதுமா, ராக்கெட்டின் குலுக்கலைக் கலம் தாங்குமா என்று பார்த்துப் பொருத்துவது அவள் பாடு.

போன தை மாதம் அவசரப்பட்டுவிட்டாள். கோயம்புத்தூரில் அறிவழகன் என்பவரும் கூட்டாளிகளும், பழுதான செயற்கைக்கோளைக் கைநீட்டிப் பிடிக்கும் கலம் ஒன்று செய்திருந்தார்கள். ஒரு ராக்கெட்டில் ஓர் இடம் மிச்சமிருந்தது. எங்கள் ஊரில் வண்டி நின்றால், மூட்டை கட்டும் முன்பே "லோடு ரெடி" என்று சொல்லிப் பிடித்துவிடுவார்கள். அவளும் அப்படியே சொல்லிவிட்டாள். பிறகு குலுக்கிப் பார்த்தால், கலத்தின் கை விரிசல் விட்டுவிட்டது.

அன்று அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அறிவழகன் போனில் கெஞ்சினார்.

"இப்படியே ஏத்திருங்க மேடம். இந்த எடத்த விட்டா இனி எங்களுக்கு யாருங்க குடுப்பாங்க?"

"கை ஒடிஞ்சவனக் கல்லொடைக்க அனுப்புவீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சந்திரசேகர் சீண்டினான். "ஏஞ்சாமி, ராக்கெட் காலியாப் போவுதாட்ட இருக்குது?"

"நம்மூட்டு வண்டி என்னைக்குங்கப்பா காலியாப் போயிருக்குது?"

சொன்ன லோடு வராவிட்டால் எங்கள் ஆட்கள் போனை அணைத்துவிட்டு ஒளிய மாட்டார்கள். போட்டிக்காரனிடமாவது கேட்டு, வேறு லோடு ஏற்றிவிடுவார்கள். அப்போதுதான் வண்டிக்காரன் அடுத்தமுறை முகம் கொடுப்பான். சௌமியா சென்னையில் இதே தொழில் செய்யும் ஜெரினைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்க கலம் ஒண்ணு ராக்கெட் கிடைக்காம நிக்குதாமா?"

"நிக்குது. அதுல உங்களுக்கென்ன சந்தோஷம்?"

"குலுக்கிப் பாத்தாச்சுங்களா?"

"எப்பவோ."

"அப்ப எங்கிட்ட எடம் இருக்குது, ஏத்துங்க."

ஜெரின் அதை இரண்டு முறை திருப்பிக் கேட்டார். ஏதோ சூது என்று நினைத்திருப்பார்.

உயரமும் இடமும் பொருந்தின. ஜெரினின் கலம் ஏறியது. காலி இடத்தோடு போகாததால் ராக்கெட்காரர்கள் மனம் கோணாமல், அடுத்த ராக்கெட்டில் அறிவழகனுக்கு இடம் கொடுத்தார்கள். அவரும் கூட்டாளிகளும் கலத்தின் கையைச் சரிசெய்து, மறுபடி குலுக்கிப் பார்த்து, ஆவணியில் அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் குலுக்கிப் பார்க்காமல் சௌமியா வாக்குக் கொடுப்பதில்லை. அவள் அப்பன்தான் இன்னும், முட்டை பண்ணையிலேயே இருக்கும்போது, "லோடு ரெடிங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.