முதல் சிவப்பு வரி

எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகச் சேர்ப்பதை 'பில்ட்' என்பார்கள். அது பாதியில் நின்றுபோனவர்கள் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். கொடைக்கானலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நான் தற்காலிக உதவியாளன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதாலோ என்னவோ, எந்தக் கணினி நின்றாலும் என்னால்தானோ என்று பயப்படுவேன். இந்த மாதிரி மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தவராக இருந்தாலும் உங்களுக்கு இது புரியும்.

கடைசி வரி

இறுதியாண்டு மாணவி கவிப்பிரியா, வடகவுஞ்சிக்காரி. திரையைப் போனில் படமெடுத்து வந்திருந்தாள். படத்தில் பில்ட் நின்றுவிட்டது என்று சொல்லும் கடைசி வரி மட்டும் இருந்தது. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே! காரணம் மேலே, பிழையைச் சொல்லும் முதல் சிவப்பு வரியில் இருக்கும். மற்றவை பெரும்பாலும் அதன் பின்னால் வருகிறவை. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லி, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"மேல நெறையாக் கெடந்துச்சு சார். கீழதான் ஒரே வரி."

மேட்டுச் சிக்னல்

ஊருக்குப் பூண்டு விலை சொல்லும் செயலி அவளுடைய புராஜெக்ட். அதற்கான லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லை. பூண்டுக் காட்டு மேட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால், பாதி இறங்கும்போது அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் அப்பா குடை பிடிக்க வந்தாராம்.

"'ஏத்தா, பூண்டே நாலு மாசத்துல வந்துருது, இது எப்ப வரும்'னு கேக்குறாரு சார்."

பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லி என் லேப்டாப்பில் பில்ட் செய்தேன். ஓடியது. வெள்ளிக்கிழமை தேர்வுக்குத் தைரியமாக வரச் சொன்னேன்.

எதிர் மேசை

அன்று செயலி ஓடாவிட்டால் அவள் தேர்ச்சி பெற முடியாது. மதுரையில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று துறைத்தலைவி முடிவெடுக்க வேண்டிய வாரமும் அதுதான். அவரும் அங்கே நின்றிருந்தார். எதிர் மேசையிலிருந்த ஆய்வகக் கணினியில் பில்ட் நின்றது. வெளியூர்த் தேர்வாளர் அவளைப் பார்த்து, "நீயே செஞ்சதுதானாம்மா?" என்றார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்து அனுப்பியது நான்தான் சார். தப்பு என்னுடையது" என்றேன். இருபது நிமிடம் கொடுத்தார். கண்ணில் பட்ட கடைசி வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தப் பார்த்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"சார், மொத செவப்பு வரியப் படிங்க."

படித்தேன். எப்போதோ என் லேப்டாப்பில் மட்டும் போட்டு மறந்துபோன ஒரு லைப்ரரியின் பெயர் அதில் இருந்தது. அதை ஏற்றியதும் செயலி ஓடியது. அவள் மதுரைக்குப் போய்விட்டாள், என் ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டிருக்கிறது, என் மேசையில் ஓடிய எதையும் எதிர் மேசையிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இப்போது 'தைரியமாக வா' என்று சொல்கிறேன்.