கொம்பனியில் இல்லாத பெயர்

எங்கள் பெயின்ற் கொம்பனிக்கு அரசாங்க வரி இலக்கம் எடுத்த கதையை என் வீட்டுக்காரர் விருந்துகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். பனிச் சப்பாத்தோடு வரிக் கந்தோருக்குள் நான் வழுக்கி விழுந்ததும், எழும்பிய கையோடு வரிசையில் எனக்கு முன்னால் புகுந்த வெள்ளைக்காரனை ஏசியதும் அவருக்கு இன்றும் பெரிய பகிடி. கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் குசினிக்குள் போய்விடுவேன். அந்த இலக்கம் என்றாலே எனக்கு அவருடைய கூட்டாளிதான் ஞாபகத்துக்கு வருவார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கவலையும் ஆறவில்லை.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றுமில்லை. கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் குடியிருந்த வீடு எரிந்து, மனைவியையும் மகளையும் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி, மனைவியின் தமையன் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வருடம் தனியாகக் கனடா வந்தார். நாங்கள் மல்வேர்னில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற் எடுத்திருந்தோம். ஓர் அறையில் அவர் இருந்தார். அகதி வழக்கு முடிந்து நிரந்தரப் பேப்பர் கையில் கிடைத்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். எழும்பினாலும் படுத்தாலும் அந்த மனிதருக்கு அந்த ஒரே நினைப்புத்தான். மனைவிக்கு முட்டு வருத்தம் இருந்தது, மூச்சு இழுக்கும். இந்தக் குளிர் முட்டுக்காரருக்கு ஒத்துவருமோ என்று என்னை எத்தனை தரம் கேட்டிருப்பார்.

"அவ முதல் வந்து சேரட்டும் அண்ணை. குளிரைப் பிறகு பாப்பம்" என்பேன்.

என் வீட்டுக்காரரும் அவரும் போர்த்துக்கீசன் ஒருவனிடம் வீடுகளுக்கு பெயின்ற் அடிக்கப் போனார்கள். கூலி கையில் காசாகத்தான், பேப்பர் ஒன்றும் கிடையாது. அந்த நாட்களில் மல்வேர்ன் பக்கம் எங்கே பார்த்தாலும் புதிய ரவுண்ஹவுஸ்கள், ஒட்டி ஒட்டிக் கட்டுகிற வரிசை வீடுகள், எழும்பிக்கொண்டிருந்தன. கட்டுகிற கொம்பனியின் மேற்பார்வைக்காரனுக்கு இவர்கள் இருவரையும் பிடித்துப்போயிற்று. சொன்ன நேரத்துக்கு வருவார்கள், குடிக்க மாட்டார்கள், தரையில் ஒரு துளி சிந்தவிட மாட்டார்கள். ஒருநாள் அவன் இவர்களைக் கூப்பிட்டு, அடுத்த வரிசை வீடுகள் முழுவதையும் உங்களுக்கே கொன்ராக்டாகத் தருகிறேன், ஆனால் கொம்பனியாக வாருங்கள், வரிக் கந்தோரில் பதிந்து இலக்கம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறான். அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்த மாதிரியைப் பார்த்து, லொத்தர் விழுந்துவிட்டதென்று நினைத்தேன்.

விண்ணப்பம் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். எங்கள் கட்டடத்தில் எவருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம், கறியை அடுப்பில் வைத்துவிட்டு, மேசையில் படிவத்தை விரித்தேன். கொம்பனியின் பெயர், விலாசம், செய்யும் தொழில் எல்லாம் மளமளவென்று எழுதியாயிற்று. அடுத்தது உரிமையாளர்கள். வீட்டுக்காரரின் பெயரை எழுதிவிட்டு, அண்ணையின் முழுப் பெயரைக் கேட்டேன்.

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"என்ரை பேரைப் போடாதேங்கோ, தங்கச்சி."

"பங்காளியின்ரை பேர் போடாமல் என்னெண்டு? இதென்ன, வெக்கமோ?"

"வெக்கமில்லை. அரசாங்கத்துக்கு இனி நான் பேர் எழுதிக் குடுக்க மாட்டன்."

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. யன்னலடியில் நின்றுகொண்டு சொன்னார்.

"கொழும்பிலை வாக்காளர் இடாப்புக்கு, வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை பேரை எழுதித் தரச் சொல்லிப் பேப்பர் வந்தது. கீழ் வீட்டுக்காரர் தமிழர்தான். அவை எழுதேல்லை, சும்மா போட்டிட்டினம். நான் கந்தோர்க்காரன் எல்லே, வடிவா எழுதிக் குடுத்தனான். பிறகு கலவரத்திலை எரிக்க வந்தவங்கள் கேற்றடியிலை நிண்டு அதைத்தான் வாசிச்சவங்கள். என்ரை பேர், அவவின்ரை பேர். நான் எழுதின ஒழுங்கிலையே வாசிச்சாங்கள். கீழ் வீட்டை விட்டிட்டு மேலை ஏறி வந்தவங்கள்."

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்து நான் எழும்பிப்போய் அடுப்பை நிறுத்தினேன். திரும்பி வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, இது வரிக் கந்தோர். இவங்கள் உங்களிட்டைக் காசு வாங்கத்தான் பேர் கேக்கிறாங்கள், வீடு எரிக்க இல்லை."

"அங்கையும் வீடு எரிக்கவெண்டு சொல்லிக் கேட்டவங்களே?"

"அகதி வழக்குக்குப் பேர் குடுத்தனீங்கள்தானே?"

"அது குடுக்காட்டில் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அது போதும். வேறை இடத்திலை வேண்டாம்."

நான் விடவில்லை. பங்காளியாகப் போட விருப்பமில்லையென்றால் வேலையாளாகவாவது போடுகிறேன், சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டினால் நாளைக்கு உங்களுக்கு ஒரு சாட்சியாக இருக்கும் என்றேன். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்காமலும் இருந்தேன். மனிதர் மசியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் நடுவில் வந்தார்.

"விடுமப்பா. நாங்கள் ரெண்டு பேரும் என்ன எழுதிக் கையெழுத்து வைச்சே கூட்டுச் சேர்ந்தனாங்கள்? பாதி அவருடையதுதான். ஆர் இல்லையெண்டது?"

எங்கள் ஆட்களின் பழக்கம் இதுதான். கூட்டாளிகள் இருவர் பங்கை எழுத்தில் வைத்தால் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். எழுதாமல் விட்டால் அது பெருந்தன்மை. என் வீட்டுக்காரரும் பெருந்தன்மையாகத்தான் நடந்தார். கடைசிவரைக்கும் அண்ணையின் பங்கில் ஒரு சதம் பிசகவில்லை. ஆனால் ஒற்றைப் பெயரோடுதான் விண்ணப்பத்தை வரிக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலக்கம் தபாலில் வந்த அன்று அண்ணைதான் கடைக்கு ஓடிப்போய் கேக் வாங்கிவந்தார். அன்றைக்கே மனைவிக்குக் கடிதமும் எழுதினார். நாங்கள் இங்கே கொம்பனி தொடங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று எழுதியதாக எனக்கு வாசித்தும் காட்டினார்.

கொம்பனி நன்றாகத்தான் போனது. மல்வேர்ன் வரிசை முடிய மோர்னிங்சைட்டில் இன்னொரு கொன்ராக்ட் வந்தது. வேலைக்கு இரண்டு பேரைச் சேர்த்தோம். அவர்களும் அகதி வழக்குக்காரர்தான். சம்பளத்தில் பிடித்த வரியை மாதாமாதம் அந்த இலக்கத்தின் கீழ் கட்டினேன். வருட முடிவில் அவர்களுக்கு ரீ-ஃபோர் எழுதினேன். ஒருவர் எங்கே வேலை செய்தார், என்ன உழைத்தார், என்ன வரி கட்டினார் என்று காட்டுகிற துண்டு அது. மாசி மாதத்தில் நான் மேசையில் இருந்து அதை எழுதும்போது அண்ணை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பார்.

"உங்களுக்கும் ஒண்டு எழுதட்டோ?" என்று கேட்பேன்.

"அடுத்த வருசம் பாப்பம்."

பிறகு எண்பத்து ஆறின் கடைசியில் அரசாங்கம் தேங்கிக் கிடந்த அகதி வழக்குகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. ஒழுங்காக வேலை செய்து சொந்தக் காலில் நிற்கிறவர்களுக்கு நிரந்தரப் பேப்பர் கொடுக்கிறார்கள் என்று கதை பரவியது. எங்களிடம் வேலை செய்த இருவரும் நான் எழுதிக்கொடுத்த ரீ-ஃபோரைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது. பெட்டி பெட்டியாக இனிப்போடு வந்தார்கள். அவர்களுக்கு வேலை பழக்கிய அண்ணையின் வாய்க்குள்ளும் ஒரு லட்டைத் திணித்தார்கள்.

அண்ணையின் முறை அடுத்த வருடம் இளவேனிலில் வந்தது. நானும் கூடப் போனேன். கொம்பனிப் பேப்பர்களை எல்லாம் கட்டிக்கொண்டு, அவர் எங்கள் பங்காளி என்று நானே ஒரு கடிதமும் ரைப் பண்ணிக்கொண்டு போனேன். குடிவரவு அதிகாரி நல்ல மனுசி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எல்லாப் பேப்பரையும் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தாள்.

"கொம்பனி இருக்கிறது. இலக்கம் இருக்கிறது. உரிமையாளர் இருக்கிறார், வேலையாட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர் இதில் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"பங்காளி" என்றார் அண்ணை, நல்ல ஆங்கிலத்தில்.

"அது எங்கே எழுதியிருக்கிறது?"

"நாங்கள் எழுதவில்லை."

நான் இடையில் புகுந்து கொழும்பு, இடாப்பு, எரிந்த வீடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள். முகம் மாறியது, எனக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை வருடமாக இந்த மனிதர் உழைத்தார் என்பதற்கு எங்கள் வாய்ப்பேச்சைத் தவிர அவளுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஒரு முழு வருடம் வேலை செய்து வரி கட்டிய சாட்சியோடு வாருங்கள், வழக்கை மூடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. வீடு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார்.

"என்னை வேலையாளாப் பதியிற பேப்பரை எடுங்கோ, தங்கச்சி. எழுதுவம்."

என்னை எழுத விடவில்லை, பேனையை வாங்கித் தானே எழுதினார். வடிவான கையெழுத்து. ஓர் எழுத்து எழுதி நிறுத்தி, மற்ற எழுத்து எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே எழுதியிருக்கலாமே என்று சொல்லி அவரை இன்னும் கொல்லவா?

அந்த வருடம் ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. ஊரடங்கு, தபால் இல்லை, ரெலிபோன் இல்லை. ரேடியோச் செய்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணை வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டேன் என்றார். கார்த்திகை பிறந்த பிறகுதான் கொழும்பு வழியாக மனைவியின் தமையனின் கடிதம் வந்தது. குண்டோ துப்பாக்கிச் சூடோ ஒன்றும் அந்த மனுசியில் படவில்லை. ஊரடங்குக்குள் முட்டு இழுத்திருக்கிறது. வீட்டில் மருந்து முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. விடியும்வரைக்கும் இழுத்து இழுத்து இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணை கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இளவேனிலில் பேப்பர் கிடைத்திருந்தாலும் ஐப்பசிக்குள் அவளைக் கூப்பிட்டிருக்க முடியுமோ, சத்தியமாக எனக்குத் தெரியாது. முடிந்திராது என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நானும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் மாத்திரம் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு அழுதார்.

வருடம் முடிந்ததும் ரீ-ஃபோர் எழுதினோம், வரி கட்டினோம், அதே அதிகாரியிடம் போனோம். இந்த முறை அதிக நேரம் எடுக்கவில்லை. நிரந்தரப் பேப்பர் வந்தது. அதற்குப் பிறகு மகளுக்கு விண்ணப்பித்து, அவள் வந்து சேர எண்பத்து ஒன்பது ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மிசிசாகாவில் இருக்கிற விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ஒன்பது வயதுப் பிள்ளை, காதில் ஒரு சின்னத் தோடு, இரண்டு பின்னல். என்ன இழவுக்கோ, குளிருக்கென்று அளவில்லாத பெரிய ஜக்கெற் ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன். அதற்குள் அவளைக் காணவே முடியவில்லை. அண்ணை அவளைத் தூக்கப் பார்த்தார். அவள் கூச்சத்தோடு கையை மட்டும் கொடுத்தாள்.

காரில் நான் முன் சீற்றில் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பனும் மகளும் பின்னுக்கு. பாதித் தூரம் போன பிறகு அவள் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்குக் கொம்பனி இருக்கோ?"

"ஓம் மகள். இந்த மாமாவுக்கும் எனக்கும்."

"அம்மா எல்லாருக்கும் சொல்லுறவ, கனடாவிலை அப்பாவுக்குக் கொம்பனி இருக்கெண்டு. கொம்பனிக்காரர் ஏன் இன்னும் உங்களைக் கூப்பிடேல்லை எண்டு மாமி ஒருநாள் கேட்டவ. அம்மா எழும்பி அறைக்குள்ளை போயிட்டா."

அவள் திரும்பவும் கேட்டாள்.

"ஏன் அப்பா கூப்பிடேல்லை?"

"பயமாயிருந்தது, மகள்."

"இஞ்சை ஆமி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப?"

என் வீட்டுக்காரர் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார், கண்ணாடியில் கண்டதாம். அண்ணை ஏதாவது சொல்லுவார் என்று நானும் காத்திருந்தேன். மல்வேர்ன் வந்து கார் நிற்கும்வரைக்கும் அவர் சொல்லவில்லை.