மீசைக்காரருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூசைச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது என்னுடைய எட்டாவது வயதில். அதுவரை அந்தப் பதவி அக்காவிடம் இருந்தது. பெரிய வகுப்புக்குப் போனதும் அவளுக்கு அதில் வெட்கம் வந்துவிட, எனக்கு அடித்தது யோகம். கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், டி.வி., அப்பாவின் ஸ்பானர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்க வேண்டும். அம்மா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"ஒண்ணையும் உட்டுப்போடாத கண்ணு. உட்டா அது ஏங்கிப்போயிரும்."

துடியலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. பம்ப்செட் கம்பெனியில் வேலை. கம்பெனி அவரை ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டுக்கு மோட்டார் மாட்ட அனுப்பியிருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியவர் எல்லோரும் எதிர்பார்த்த மாதிரி செண்ட் பாட்டிலோ கைக்கடிகாரமோ கொண்டுவரவில்லை. போர்ச்சுக்கல்காரர்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்து நோட்டுகளைக் கொண்டுவந்தார். எஸ்குடோ என்று பேர். அங்கேயே அவை எப்போதோ செல்லாமல் போய்விட்டன. "கடல் தாண்டிப் போயி செல்லாத நோட்டு வாங்கியாந்த ஒரே ஆளு எந்தம்பிதானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் அம்மா.

மாமா அசரவில்லை. கம்பெனி கொடுத்த டைரியில் பக்கத்துக்கு ஒன்றாக அவற்றை வைத்திருந்தார். மடிப்பே விழாத, மொடமொடவென்ற நோட்டுகள். ஒரு பக்கம் மீசை வைத்த துரை, மறுபக்கம் கப்பல். கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் 'ஆயிரம்' என்று எழுதியிருக்கும். நோட்டு இருக்காது.

அந்த ஆயிரம் எஸ்குடோ நோட்டு போத்தனூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இருந்தது. அவரும் மாமாவைப் போலவே நோட்டுப் பைத்தியம். மாமாவிடம் இருப்பதில் அவர் கேட்கும் நான்கைக் கொடுத்தால் ஆயிரத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, எதிலும் ஒரு பொட்டுக் கறைகூட இருக்கக் கூடாது. விஜயதசமி காலையில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஒரு வாரமாக மாமாவுக்குச் சாப்பாட்டில்கூடப் புத்தி இல்லை.

அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூசை. மாமா கம்பெனிப் பூசைக்குப் போயிருந்தார். நான் கிண்ணத்தோடு மாடி ஏறினேன். ஃபேன் எட்டவில்லை, மன்னித்து விட்டேன். டார்ச் லைட்டுக்கு வைத்தேன். மேசைமேல் டைரி இருந்தது. இதைவிட மாமாவுக்குப் பெரிய ஆயுதம் ஏது? பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு துரைக்கும் நெற்றி நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒன்றுகூடக் கோணவில்லை என்பதை இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன்.

பொரிப் பொட்டலத்தோடு வந்த மாமா மேலே போனார். பொரி தின்னக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை. என்னவென்று பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போன அம்மா, "அய்யய்யோ! ஈரத்துணியில தொடச்சாப் போயிரும் தம்பி" என்று ஒரு துரையைத் துடைத்தாள். குங்குமம் பரவித் துரையின் முகம் முழுக்கச் சிவந்துபோனது. உடனே அம்மாவின் கை என் முதுகைத் தேடி ஓங்கியது.

"உடுக்கா, அடிக்காத" என்றார் மாமா. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். வெறும் தாளின் நடுவில் அழகாக ஒரு பொட்டு.

"இதுல ஒண்ணுமே இல்லியே அம்மணி. இதுக்கெதுக்கு வெச்சே?"

"வரப்போற நோட்டுக்குங்க மாமா. இல்லாட்டி அது ஏங்கிப்போயிருமில்லீங்களா?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பொட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போத்தனூர் போனார். பெரியவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இதென்னங்க கோலம்?" என்றார். மாமா மேசையில் கிடந்த பெரியவரின் நோட்டு ஒன்றை எனக்குக் காட்டினார். அதே துரைதான். ஆனால் நோட்டின் மேல் கறுப்பாக ஏதோ குத்தியிருந்தது.

"விடுதல கெடச்சதும், புது நோட்டு அடிக்கற வரைக்கும் பழைய நோட்டு மேலயே அந்த நாட்டுக்காரங்க அவுங்க பேங்க் பேரக் குத்திக்கிட்டாங்க. நீ பொட்டு வெச்சாப்பலயே அம்மணி."

பெரியவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார். என்னைக் கைகழுவி வரச் சொல்லி, ஆயிரத்தை ஓரத்தில் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார். பிறகு வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நோட்டைப் பார்க்கத்தான் வந்தோம், பார்த்தாகிவிட்டது என்று எனக்கு ஏகத் திருப்தி.

அந்த ஆயிரம் சீக்கிரமே வேறு யாருக்கோ போய்விட்டதாம். பல வருடம் கழித்து அம்மா வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். மாமா மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என்னைக் கூப்பிட்டு, கடைசிப் பக்கத்துக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொல்வார். நானும் கல்லூரிக்குப் போகும்வரை வைத்தேன்.

போன மாதம், லிஸ்பனில் ஒருவரிடமிருந்து இணையத்தில் ஆயிரம் எஸ்குடோ ஒன்றை வாங்கினேன். என் முதல் சம்பளத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கொண்டுபோய் மாமா கையில் கொடுத்தேன். மாமாவின் மீசை இப்போது துரையின் மீசையைவிடப் பெரிது. நோட்டை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டார், பட்ட அனுபவம் அப்படி. சிவந்து கிடந்த கடைசிப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அன்று போத்தனூரிலிருந்து திரும்பும்போது உக்கடத்தில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, குளக்கரையில் வண்டியை நிறுத்தினார். என்னை வண்டிமேல் உட்காரவைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

"போலாமுங்க மாமா" என்றேன்.

"இரு அம்மணி, வாரேன்" என்றார் திரும்பாமல்.

பஜ்ஜி சூடு ஆறட்டும் என்று நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊதி ஊதித் தின்றேன், அவர் பங்கையும் சேர்த்து.