நூற்று முப்பது அட்டைகளில் ஒரே வசனம்

சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை நள்ளிரவில் நடப்பதில்லை. யானை இறங்கும் பாதை. அதனால் ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான். எந்த நேரத்தில் வைத்தாலும் கூட்டம் பிரசங்கத்துக்காக வருவதில்லை, கடைசியில் வரும் தகரப் பெட்டிக்காக வருகிறது. பெட்டிக்குள் வாக்குத்தத்த அட்டைகள். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்கென்று தந்தது.

பத்தொன்பது வருஷமாக அந்த அட்டைகளுக்கு வசனம் பொறுக்கிக் கொடுத்தவர் ரத்தினபாய் அத்தை. எனக்கு உறவில்லை. சபையில் பாதிப் பேருக்கு அவர் அத்தைதான்.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பெற்றோர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து காய் எடுக்க மலையேறியவர்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவரும் காய் எடுக்கப் போனார். ஐம்பத்தாறு வயதில் இன்னும் போகிறார். செடிக்கு அடியில் குனிந்து, விளைந்த காயை மட்டும் கிள்ளிக்கொண்டு பிஞ்சை விட்டுவிடும் வேலை. மீதி நேரத்தில் வேதம். வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக வாசித்து முடிப்பார். யார் யாரைப் பெற்றார் என்று பக்கம் பக்கமாக வரும் இடத்தைக்கூடத் தாண்டமாட்டார்.

அப்படி வாசிக்கிறவருக்கு எங்கள் சபையில் நிம்மதி கிடைக்குமா? சிட்சை, பாடு என்று தண்டனையும் துன்பமும் அட்டையில் வந்தால் ஆட்கள் அதைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுத்தார்கள். கமிட்டியிடம் புகாரும் போனது. "நல்ல வசனமாப் போடுங்க" என்றார் செயலாளர் ஜெகன். கெட்ட வசனம் எது என்று கேட்டார் அத்தை. அத்தையும் சலித்துப்போய், ஆசீர்வாதமான பாதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டத் தொடங்கினார். கவிதையில் வரியை எங்கே உடைக்கிறோம் என்பதில் அர்த்தமே மாறிவிடும். வசனத்துக்கும் அதே கதிதான். வெட்டிய அட்டைகளை எல்லாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஒருவர்கூட அதிகாரத்தைத் திறந்து பார்த்ததில்லை.

போன ஜனவரியில் அந்த வெட்டு அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவர் கணவர் ஆசீர் மாமா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். எரேமியாவில், உன் காயங்களை ஆற்றி உனக்கு ஆரோக்கியம் தருவேன் என்று தேவன் சொல்லும் இடம் அவர் கைக்கு வந்தது. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆகஸ்டில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அக்டோபரில் குரல் கரகரத்தது. தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்க்கணும் என்று சாந்தன்பாறை டாக்டர் சீட்டு எழுதினார். மாமா சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"கர்த்தர் எழுத்துலயே குடுத்துட்டாரு. அதுக்கு மேல ஊசி எதுக்கு?"

இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் போகவில்லை. மூன்றாவது தேதி இந்த ஜனவரி மூன்று. இதையும் விட்டால் இனிச் சீட்டு எழுதமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிசம்பர் கடைசி வாரம், பூப்பாறையில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அத்தை வந்தார். வழக்கமாக நான்கு பக்கம் வசனம் எழுதிக்கொண்டு வருவார். அன்று கையில் இருந்தது ஒரு துண்டுக் காகிதம். சுகமுள்ளவனுக்கு அல்ல, நோயாளிக்குத்தான் வைத்தியன் தேவை என்று இயேசு சொன்ன வசனம்.

"மத்ததெல்லாம் எங்க அத்தை?"

"இது ஒண்ணுதாம்ல. நூத்திமுப்பது அட்டை அடி."

"எல்லாத்துலயும் இதேவா?"

"அந்த மனுசன் கண்ண மூடிட்டுப் பெட்டிக்கு அடிவரைக்கும் துழாவுவாரு. அவரு கை எதைப் பிடிக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"சபையில கேப்பாங்களே."

"கேக்கட்டும். வருசம் பூரா எதையும் கேக்காத சனம்."

அடித்துக் கொடுத்தேன். தப்பு என்று தெரிந்தும்தான்.

ஜனவரி ஒன்றாம் தேதி, ஆராதனை முடிந்து பெட்டி வந்தது. முதல் ஐந்து பேர் அட்டையைப் பார்த்துவிட்டு யோசனையோடு உட்கார்ந்தார்கள். அதற்குப் பின் பக்கத்து அட்டையை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரே வசனம் என்று தெரிந்ததும் சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது அதைவிட மோசம்.

"எம்மவளுக்கு வரன் கேட்டு உபவாசம் இருந்தேன்" என்றார் எனக்கு முன்னால் இருந்த ரூபி அக்கா. "டாக்டர் மாப்பிள்ளைன்னுல்லா வந்திருக்கு."

"அப்ப எனக்கும் அதே மாப்பிள்ளையா?" என்று தன் அட்டையைக் காட்டிச் சிரித்தார் பக்கத்திலிருந்த கிழவர்.

நீட் எழுதப்போகும் பையனின் அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டார். சபை முழுவதுக்கும் ஒரே வார்த்தை வந்திருப்பது, தேவன் சபையைத் தட்டியெழுப்பும் எழுப்புதலின் அடையாளம் என்று ஜெகன் மைக்கில் அறிவித்தார். கைதட்டல். என் போனில் அதற்குள் பதினேழு ஸ்டேட்டஸ். பதினேழிலும் வைத்தியன்.

அத்தை தூணோரம் நின்று மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அடிவரை துழாவி எடுத்தார். வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா ரத்தினம். வைத்தியன் யாரு? அவருதான. அவரு இருக்கும்போது தேனியில எவன் எதுக்கு?"

அத்தை நேராக நடந்துபோய் ஜெகன் கையிலிருந்த மைக்கை வாங்கினார். அவர் மைக்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"எழுப்புதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் எல்லாத்துலயும் ஒரே வசனத்தப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போட்டேன். அதையும் அவரு இப்படித் திருப்பிட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏங்க, பையில வச்சிருக்கீங்கள்ளா, அந்தப் போன வருச அட்டை, அதையும் நான்தான் வெட்டுனேன். நாள் பூரா காய் எடுத்துட்டு வந்து, பசியில, அட்டையில எடம் பத்தலன்னு கத்தரிச்சேன். தேவன் அதைச் சொன்னது ஒரு பட்டணத்துக்கு. ஒங்க கழுத்துக்கு இல்ல. அதுக்கு அஞ்சு வசனம் முன்னால, ஒன் புண்ணு ஆறாதுன்னும் சொல்லியிருக்காரு. அதை நான் போடல. போட்டா நீங்கள்லாம் எடுக்க மாட்டீங்க."

மாமா எழுந்து நின்றார். கரகரத்த குரலில், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"அப்ப கர்த்தர் எங்கிட்டப் பேசவே இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது. பேசியிருந்தா இந்தக் கத்தரிக்கோல் வழியாப் பேசல. நான் பேசுதேன், அது கேக்குதா ஒங்களுக்கு? மூணாந்தேதி ஆறரை பஸ்."

மைக்கை ஜெகனிடமே திருப்பிக் கொடுத்தார். மாமா யாரையும் பார்க்காமல் வெளியே போனார். சபை கலைவதற்குள் கமிட்டி கூடிவிட்டது. பெட்டியை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அடுத்த வருஷம் சிவகாசியிலிருந்து அச்சடித்த அட்டை வரும், பூப்போட்டு, வழவழவென்று, என்றார் ஜெகன். அத்தை பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். ஸ்டேட்டஸ்களில் மூன்றுதான் அழிந்தன. ரூபி அக்காவின் டாக்டர் மாப்பிள்ளை சாயங்காலம்வரை இருந்தார்.

மூன்றாம் தேதி, கடைக்குக் காகிதம் எடுக்க நானும் தேனி போகவேண்டியிருந்தது. ஆறரை பஸ்ஸில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு, வேதப்புத்தகம். டிரைவர் வண்டியை எடுத்த பிறகு, ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு மாமா ஓடிவந்து ஏறினார். அத்தை ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம்விட்டார்.

நான் பின்சீட்டில் இருந்தேன். சட்டைப்பைக்குள் பழைய அட்டையின் ஓரம் தெரிந்தது. அத்தையும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நெடிய பெருமூச்சு விட்டார். கிழித்துப்போடச் சொல்வார் என்று நினைத்தேன்.

புத்தகத்தை எரேமியாவில் விரித்து மாமாவின் மடியில் வைத்தார்.

"வாசிங்க. அதிகாரம் முழுசா, முதல்லருந்து."

"தொண்டை சரியில்ல."

"அதுக்குத்தான போறோம். மெதுவா வாசிங்க."

போடிமெட்டு வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. அந்தக் கரகரத்த குரல் ஒவ்வொரு வசனமாக வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் வசனத்தில் நின்றது. புண் ஆறாது என்று சொல்லும் வசனம்.

"அதையும்" என்றார் அத்தை.

மாமா சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டு, அதையும் வாசித்தார்.