விட்டுப்போன டிரிப்

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இருபத்தாறு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பதரை சதவீதத்தைத் தொட்டதும் டிப்போ டாக்டர் கெடு வைத்துவிட்டார். அடுத்த மூன்று மாதத்துக்குள் எட்டுக்கு இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வண்டி கழுவும் ஷெட்டுக்குப் போகவேண்டியதுதான்.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் டாக்டர் சீட்டு நேராக என் கைக்கு வந்தது. மாத்திரையோடு தினமும் அரைமணி நடை. ஒருநாள் விட்டு ஒருநாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. நடை மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால்தான் சர்க்கரை நன்றாக இறங்கும் என்று படித்துச் சொன்னேன். மாமா தலையாட்டினார். பத்து மணிநேரம் ஓட்டிவிட்டு வருகிறவருக்குச் சட்டையைக் கழற்றவே தெம்பிருக்காது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பியவர், மூன்றரை மணிநேரம் நடந்துவிட்டு வந்து மொத்த வாரத்துப் பயிற்சியையும் ஒரே மூச்சில் செய்தார். டிப்போ வழக்கம் அப்படி. வாரத்தில் விட்டுப்போன டிரிப்பை லீவு நாளில் ஓட்டிக் கொடுத்தால் டைம் கீப்பர் கணக்கில் சரியாகிவிடும். திங்கட்கிழமை கிளட்ச் மிதிக்க முழங்கால் மடங்கவில்லை.

"உடம்பு என்ன டைம் கீப்பரா, ஞாயித்துக்கிழமை வரவு வச்சுக்க?" என்றார் அத்தை, தைலம் தேய்த்துக்கொண்டே.

அதன்பிறகு இரண்டு டிரிப்புக்கு நடுவில் கிடைக்கும் பத்துப் பத்து நிமிடத்தில் பஸ் நிலையத்தைச் சுற்றினார். தசைப் பயிற்சிக்கு முறை வரும் நாளில், சுவருக்குப் பதிலாக பஸ்ஸின் பக்கவாட்டில் கை ஊன்றித் தள்ளினார். முதல் நாளே நாலு பயணிகள் இறங்கி வந்தார்கள். "ஸ்டார்ட் ஆகலையா டிரைவரே? பின்னாடி வந்து தள்ளுங்க, நாங்களும் பிடிக்கிறோம்." கண்டக்டர் அதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிச் சிரித்தார். மாமாவுக்குக் கோபப்படவும் அலுப்பாக இருந்தது. மறுபடி முறை வந்த நாளிலும் தள்ளினார். மழையென்றால் காலி பஸ்ஸுக்குள் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

கெடு முடிந்த அன்று எட்டு புள்ளி இரண்டு. டாக்டர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். இறங்குமுகமாக இருப்பதால் இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம், பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மாமா கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார்.

"இது ரிட்டயர் ஆகற வரைக்கும் முடியாது, இல்ல?"

"அதுக்கப்புறமும் முடியாது" என்றார் அத்தை. "எந்திரிங்க. இன்னிக்கு நீங்க இன்னும் நடக்கல."

நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்தார் மாமா. முழங்கால் இரண்டும் சொடக்கிட்டன.