ஏழாம் பாடத்தைத் தேடி ஹல்துமுல்லைக்கு

இணையத்தில் கணிதப் பாடம் தயாரிப்பது என் வேலை. 2008 ஆகஸ்டில் ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனதும் அதற்காகத்தான். அங்கிருக்கும் கணினி நிலையத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பயனர் கணக்கு. அந்தக் கணக்கில், பின்னங்கள் பற்றிய ஏழாம் பாடத்தின் முதல் கேள்விக்கு வாரக்கணக்காகத் தப்பு விடையே வந்துகொண்டிருந்தது. திரையில் அளவுக்கு மீறித் திணித்துவிட்டோம், பிள்ளைகளால் இத்தனையை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடியவில்லை என்று அலுவலகத்தில் தீர்ப்பெழுதிவிட்டார்கள். பாடத்துக்குக் குரல் கொடுத்த லோகேஸ்வரி டீச்சர் அந்தத் தோட்டத்துக்காரர். சுருக்கிய பாடத்தை அவரையே பேசவைத்துப் பதிவுசெய்து வருவது என் பொறுப்பு. போனை யாரும் எடுக்காததால் நேரே கிளம்பிவிட்டேன்.

கோட்டை ரயில் நிலையத்தில் காலை ஆறு மணி வாக்கில் ரயில் ஏறினால் மூன்று மணிக்கு ஹப்புத்தளை. அங்கிருந்து ஹல்துமுல்லைக்குப் பஸ்ஸில் அரை மணி. பிறகு ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், நானூறு ரூபா. அதை ரோடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பாதி வழியில் மூடுபனி இறங்கி, முன்சக்கரம்கூடத் தெரியவில்லை.

"யாரப் பாக்கப் போறீங்க மிஸ்?" என்றார் டிரைவர்.

"லோகேஸ்வரி டீச்சரை."

ஆட்டோவின் வேகம் குறைந்தது. "அவங்க தவறிட்டாங்களே மிஸ். மே மாசம், காய்ச்சல்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் நிலையத்தின் முன்னால் இறக்கிவிட்டார். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவாக முன்பு இருந்த கட்டடம் அது. கதவு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"பரவாயில்ல கண்ணு. அவசரப்படாம இன்னொரு தடவ செஞ்சு பாரு."

லோகேஸ்வரி டீச்சர். கொஞ்சம் அமைதி. மறுபடியும் அதே வார்த்தைகள், அதே கனிவு. நாங்கள் பதிவுசெய்த குரல்தான் என்று தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்தது. பயந்துபோனேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உள்ளே ஒரே ஒரு மாணவி. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "டீச்சர் மக, ஷாமினி. டிசம்பர்ல ஓ-லெவல் பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டதும் இங்க வந்துருவா. இந்தக் கேள்வியத் தாண்டவே மாட்டேங்குறா மிஸ். கணக்குல தவறிட்டா அப்புறம் கொழுந்துக்குத்தான் போகணும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்பது கேள்வி.

"விடை தெரியலியாம்மா?"

"தெரியும் மிஸ். முக்கால்."

"அப்புறம் ஏன்?"

"சரியாப் போட்டா மணி மட்டுந்தான் மிஸ் அடிக்குது."

தப்புச் செய்த பிள்ளை பயந்துவிடக் கூடாது, அதற்கு ஒரு அன்பான குரல் வேண்டும், சரியாகச் செய்தால் மணிச்சத்தம் போதும் என்று திட்டம் போட்டது நான். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

அம்மாவின் குரலை யாரும் அழிக்க மாட்டார்கள், சீடியில் போட்டு அனுப்புகிறேன் என்றேன். அவள் திரைப்பக்கம் திரும்பி முக்காலை அழுத்தினாள். மணி அடித்தது. அடுத்த கேள்வி வந்தது. அவள் மவுஸைத் தொடவில்லை. ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். செல்வியும் நானும்கூட மூச்சை அடக்கிக் காத்திருந்தோம்.

"ஒன்னும் சொல்லல மிஸ்" என்றாள். பிறகு இரண்டாவது கேள்வியைச் செய்தாள்.

போகிறவர்களுக்கு: ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. அட்டைக்கடிக்கு உப்பு கொண்டுபோங்கள். ஆறு மணிக்குள் ஹல்துமுல்லைக்கு இறங்கிவிடுங்கள். என்னைப்போலப் பாடம் செய்கிறவராக இருந்தால் இன்னொன்று. ஒருவரைக் குரல் கொடுக்க உட்காரவைத்தால், சரியான விடைக்கும் நாலு வார்த்தை பேசச் சொல்லி அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.