எரியாத விரல்கள்

தோசை வாசனையோடு தோல் கருகும் வாசனையும் கலந்து வந்த அந்தக் காலை, இன்னும் எனக்கு மறக்கவில்லை. "என்னமோ கருகுது, பாருடி" என்று அடுப்பைச் சுற்றித் தேடிய அம்மா, தன் வலது கை விரல்களைத் தோசைக்கல்லின் விளிம்பில் ஊன்றியபடி நின்றிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்த பிறகும் அவள் முகம் சுளிக்கவில்லை. அப்போது நான் ஏழாம் வகுப்பு, பயந்துபோய் அழுதேன்.

அதற்குச் சில மாதம் முன்புவரை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். பேச்சு ஒரு பக்கம் ஓட, கண் வேறெங்கோ இருக்க, விரல்கள் தானாகப் பின்னும். பக்கத்து அறை வெடித்தபோது பறந்து வந்த தகரம் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. மதுரையில் அறுந்த நரம்பைத் தைத்த டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: நரம்பு என்பது நூல் நூலான இழைகளின் கட்டு, சூடு, குத்தல் எல்லாம் விரலிலிருந்து மூளைக்கு ஏறும் இழைகள் வேறு, 'அசை' என்ற கட்டளை இறங்கும் இழைகள் வேறு, வெட்டுக்குக் கீழே உள்ளவை மடிந்து வெறும் உறையாகிவிடும், மேலிருந்து துளிர்ப்பவை அந்த உறைக்குள் மாதத்துக்கு ஓர் அங்குலம் போல நகர்ந்தால் பெரிது. "எப்ப சார் வேலைக்குப் போகலாம்?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கையை மடியில் வைத்து, தையலிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வருவது என் வேலை. "இந்தா, இங்கன சுரீர்ங்குது" என்பாள். இழை அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். மணிக்கட்டுக்கு வருவதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது, அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

வலிக்கவில்லை என்றால் ஆறிவிட்டது என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. விரலைப் புண்ணாக்கி எரியவைக்கும் வெடிமருந்தோடு மல்லுக்கட்டும் பெண்கள், "ஒங்களுக்கென்ன மதினி, குடுத்துவச்ச கை" என்று பொறாமையே பட்டார்கள். போர்மேன் அண்ணாச்சியும், "ஒனக்குத்தான் எரியாதே தாயி, மருந்து செலுத்துற ரூமுக்குப் போயிரு" என்று அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் மேல் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அந்த அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொட்டோமா இல்லையா என்பதையே அம்மா கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வாளாம். ஒரு நாள் புஸ்வாணக் குழாய் அவள் பிடியில் நசுங்கி மடியெல்லாம் மருந்து கொட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்தவள் சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறாள். சத்தமில்லாமல் எழுந்து, வேனுக்குக்கூடக் காத்திராமல் வெயிலில் நடந்தே வீடு வந்துவிட்டாள்.

"எம்புட்டு அழுத்துறேன்னு எனக்கே தெரியல. அம்புட்டுப் பேரு உசுரு இருக்க எடத்துல எனக்கென்ன வேலை?" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆலைப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த கோடையில் உணர்ச்சி திரும்பியது. ஆனால் இழைகள் உறை மாறிப் புகுந்திருந்தன. போன மாதம் நகம் வெட்ட அவள் ஆட்காட்டி விரலைப் பிடித்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவள், "கட்டைவெரல்ல அழுத்தாத" என்றாள். சரிம்மா என்றேன். திருத்தி என்ன ஆகப்போகிறது? பாராமலே சரம் பின்னிய அந்த விரல்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது சமையல் என் பொறுப்பு. அவளை அடுப்படிக்கு விடுவதில்லை. அன்றைக்குத் தெருவில் யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். ஜன்னல் வழியாகப் புகை வந்ததும், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த அம்மா, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் முதலில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.